நீர் மாத்திரை

வக்கீல் என்பது நாயின் பெயர். மணப்பாறைச் சந்தைக்கு லோடு ஏற்றப் போன வீரமலை, லாரிக்கு அடியில் கிடந்த குட்டியைத் தூக்கி வந்து, "போற வர்றவன் எல்லார்கிட்டயும் எப்படி வாதாடுது பாரு" என்று வைத்த பெயர். அவர் மனைவி அமிர்தத்துக்கு அதைக் கண்டாலே ஆகாது. பதிமூன்று வருஷமும் திட்டிக்கொண்டேதான் சோறு போட்டாள்.

பங்குனியில் வீரமலை போய்ச் சேர்ந்தார். மணப்பாறையில் அண்ணன் வீட்டுக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி. காரியமெல்லாம் அங்கேயே முடிந்தது. காட்டூர் வாடகை வீட்டுக்குத் தனியாகத் திரும்பிய அமிர்தம், மறுநாளே மாவு அரைத்து விற்க ஆரம்பித்துவிட்டாள். கல்நெஞ்சுக்காரி என்று நாத்தனார் சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும், வாடகையை நாத்தனாரா கொடுக்கப் போகிறாள்?

ஆனி மாதம் வக்கீலுக்கு இருமல் வந்தது. படுத்தால் மூச்சு முட்டியதால் உட்கார்ந்தபடியே கிடந்தது. வேண்டாத நாய்தான். ஆனாலும் லாரிச் சத்தம் கேட்டால் காதைத் தூக்கி, அவர்தானா என்று வாசலைப் பார்க்கிற ஜீவன் அந்த வீட்டில் அது ஒன்றுதான். ஆட்டோ பிடித்து ஸ்ரீரங்கத்தில் ஒரு கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனாள்.

"இதயம் வீங்கியிருக்கும்மா. இனிமே ஆயுசுக்கும் மாத்திரை கொடுக்கணும்."

இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று நாய்க்கென்றே வருவது, மாதம் இரண்டாயிரத்துக்கு மேல். அமிர்தம் காதிலிருந்த தோட்டைக் கழற்றி விற்றாள். மற்றது நுரையீரலில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் நீர் மாத்திரை. "இது மனுஷங்க சாப்பிடுறதுதான்" என்று டாக்டர் காட்டிய அட்டை, வீரமலை தினமும் காலையில் விழுங்கிய அதே மாத்திரை.

காட்டூர் சுகாதார நிலையத்தில் அவருடைய பிரஷர் நோட்டு இன்னும் நடப்பில் இருந்தது. நோட்டைக் காட்டினால் ஒரு மாதத்து மாத்திரை இலவசம். அவர் லாரியில் போய்விடும் நாட்களில் இவள்தான் வாங்கி வருவாள். இப்போதும் போய் நீட்டினாள்.

"ஐயா எப்படி இருக்கார்?" என்று கேட்டாள் நர்ஸ் இளவேனில்.

"லோடு ஏத்திட்டு ஓசூர் போயிருக்கார், சிஸ்டர்."

பொய் பேசிப் பழக்கமில்லாதவள்தான். ஆனால் அடுத்த மாதம் பேச்சு தானாக நீண்டது. உப்பைக் குறைத்தால் தட்டைத் தள்ளுகிறார், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று புகார் சொன்னாள். "நீங்க நல்லா அதட்டுங்கம்மா" என்று இளவேனில் சிரித்தாள். வீடு திரும்பும்போது அமிர்தத்தின் நடை லேசாகியிருந்தது. கீரைக்காரியிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறவள், அந்த நீர் மாத்திரை கடையில் என்ன விலை என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை.

ஐப்பசியில் இளவேனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "பிரஷர் பார்க்காம இத்தனை மாசம் கொடுத்ததே தப்பு. அடுத்த தடவை ஐயா நேர்ல வந்தாத்தான் மாத்திரை."

அமிர்தம் வீட்டுக்கு வந்ததும் அந்த மாதத்து மாத்திரைகளைக் கத்தியால் பாதி பாதியாக வெட்டினாள். ஒரு மாதத்து மாத்திரை இரண்டு மாதம் வரும், அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைப்பு. விலை உயர்ந்த மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. இது வெறும் மூத்திரம் போகிற மாத்திரைதானே, பாதி போதும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் வக்கீலின் நாக்கு நீலமானது. ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டும்வரை அவள் மடியில் தலையை வைத்து மூச்சுக்குத் தவித்தது. "இதோ வந்தாச்சுடா, வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார். பிழைக்கவில்லை.

"நுரையீரல் பூரா தண்ணிம்மா. நீர் மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"பாதியாக்கினேன்."

"ஏம்மா? அது அட்டையே பதினஞ்சு ரூபாதானே!"

அவர் திட்டவில்லை, பாவம், அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. தோட்டை விற்று வைத்தியம் பார்த்தவள், பதினைந்து ரூபாயில் கோட்டை விட்டுவிட்டாள்.

மறுநாள் சுகாதார நிலையத்துக்குப் போய், மிச்சமிருந்த பாதி மாத்திரைகளையும் நோட்டையும் மேஜையில் வைத்தாள். இளவேனில் நிமிர்ந்து, "ஐயா வரலையா?" என்றாள்.

"அவர் பங்குனியிலயே போயிட்டார், சிஸ்டர். நாய்க்குத்தான் வாங்கினேன். அதுவும் நேத்து போயிடுச்சு. நான்தான் கொன்னுட்டேன்."

இளவேனில் கோபப்பட்டிருக்கலாம். அவள் எழுந்து வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அமிர்தத்தை உட்கார வைத்தாள். முழுவதையும் கேட்டாள்.

"கடையில சல்லிசாக் கிடைக்குமேம்மா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அமிர்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

"கேட்டா, அப்புறம் இங்க வர எனக்கு வேலை இல்லாம போயிடும், சிஸ்டர். அவர் எப்படி இருக்கார்னு உங்களைத் தவிர யாருமே கேக்கிறதில்லை."