குளம்புச் சத்தம்

பேரையூர்ப் பக்கம் குதிரை வண்டிப் பந்தயம் என்றால், பழங்காநத்தத்தில் சீட் கவர் கடை வைத்திருக்கும் பரீத் அன்றைக்குக் கடையைத் திறக்கமாட்டார். பதினோரு வருஷமாக அப்படித்தான். டி. கல்லுப்பட்டி பக்கத்து விவசாயி விருமாண்டியும் வந்துவிடுவார். வண்டிகள் சுற்றித் திரும்பும் வளைவில் இருவரும் சேர்ந்து நிற்பார்கள். ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்ததில்லை.

பேச்செல்லாம் விருமாண்டிதான். எந்தக் குதிரை மூச்சு வாங்குகிறது, எவன் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறான் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பரீத் தலையாட்டுவார்.

இந்தத் தையில் முதல் வண்டி வளைவுக்கு வந்தபோது, "செவலைதான் பாய், சொன்னேன்ல" என்றார் விருமாண்டி. வந்தது வெள்ளை. பரீத் விளையாட்டென்று நினைத்தார். அடுத்த வண்டி ஓரம் ஒதுங்கிப் பாய்ந்து வந்தது. எல்லோரும் பின்வாங்க, விருமாண்டி மட்டும் அசையவில்லை. பரீத் இழுத்த இழுப்பில் இருவரும் கருவேல முள்ளில் விழுந்தார்கள்.

முள்ளைப் பிடுங்கியபடி பரீத் கேட்டார்: "எப்பருந்துண்ணே?"

"ரெண்டு வருசமாச்சு. கண்ணுல அழுத்தமாம். போன பார்வை திரும்பாதுன்னுட்டாக. நெழலாட்டந்தான் தெரியுது."

"அப்ப எங்கிட்ட சொன்னதெல்லாம்?"

"குளம்புச் சத்தத்த வச்சுத்தான். பாதி சரியா வரும். தப்பாச் சொன்னாலும் நீங்கதான் ஒண்ணும் சொல்றதில்லையே."

பரீத்துக்குச் சுருக்கென்றது. எத்தனை தடவை வேறு குதிரையைச் சொல்லியிருப்பார்? பெரியவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நாமும் பார்க்காமலே நின்றிருக்கிறோம்.

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா கையப் பிடிச்சு உக்கார வச்சுருவீக."

அடுத்துப் பெரிய குதிரைப் பிரிவு வண்டிகள் வந்தன. பரீத் அவரை நாலடி பின்னால் நிறுத்திவிட்டு வாயைத் திறந்தார். "சாம்பல் முன்னால வருதுண்ணே. வாயில நொரை." வார்த்தை திக்கியது.

"காது எப்படி வச்சிருக்கு?"

"பின்னால ஒட்டி வச்சிருக்கு."

"களைச்சுப்போச்சு. ஜெயிக்காது."

ஜெயித்தது சாம்பல்தான். பரீத் அதையும் சொன்னார். விருமாண்டி வெகுநேரம் சிரித்தார்.

வைகாசியில் அடுத்த பந்தயம். பரீத் ஸ்கூட்டரில் விருமாண்டி வீட்டுக்கே போனார். மனைவி சின்னத்தாய் வாசலில் மறித்தாள்.

"எங்க கூட்டிட்டுப் போறீக?"

"பந்தயத்துக்குத்தான்க்கா. நான் கூடவே நிப்பேன்."

உள்ளே போய்ப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தாள், இரண்டு பேருக்கு.

அன்றைக்கு அவர்கள் வளைவுக்குப் போகவில்லை. நேர்ச்சாலையில் ஒரு புளியமரத்தடியில் நின்றார்கள். தூரத்திலேயே தெரிந்தால்தான் பரீத்துக்குச் சொல்ல நேரம் கிடைக்கும்.