நூலில் வரைந்த கைகள்

திண்டிவனத்தில் தேவாலயத்தார் நடத்திய தருமக் கடையில் புத்தகங்களுக்கு ஒரு பலகையும் துணிகளுக்கு ஒரு கூடையும் இருந்தன. பிறர் ஈந்த பழம்பொருள்களை விற்று அநாதை இல்லத்துக்கு அரிசி வாங்குவார்கள். 1984 பங்குனியில் ஒரு நண்பகல், மரக்காணம் அருகிலுள்ள மீனவர் குப்பத்துக் கோவிந்தம்மாள் அங்கு வந்து, பலகையிலிருந்த ஒவ்வொன்றையும் கையால் தடவித் தேடினாள்.

“என்னம்மா வேணும்?” என்றார் கடையைக் கவனித்துவந்த இருதயராஜ்.

“துணி புஸ்தகங்க ஐயா. எழுத்து இருக்காது. கண்ணு தெரியாத புள்ளைக்கு நானே தெச்சது.”

பார்வையின்றிப் பிறந்த மகள் பவுனுக்கு அவள் மூன்று புத்தகங்கள் தைத்திருந்தாள். ஒன்றில் கிளிஞ்சல்கள்; ஒன்றில் மல்லாட்டை எனும் நிலக்கடலையின் தோலும் கேப்பைக் கதிரும். மூன்றாவதில் கைகள் மட்டுமே. ஆண்டுதோறும் தை முதல் நாளில் மகளின் கையைத் துணிமேல் விரித்து, ஓரத்தைக் கரியால் குறித்து, தடித்த நூலால் தைப்பாள். ஐந்து தைகள், ஐந்து கைகள். பழைய கைமேல் தன் கையை வைத்து, “எம்மா, நான் இத மீறிட்டேன்” என்று பவுனு நகைப்பாள். நிழற்படம் எடுக்க அழைத்தால், “எடுத்தா நானா பாக்கப்போறேன்?” என்பாள். ஆதலின் அவள் உருவம் வேறெங்கும் இல்லை.

அந்த ஐந்தாம் தை முடியுமுன் காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. அதே காய்ச்சலில் தாயும் நினைவிழந்து கிடந்தாள். பதினாறாம் நாளில் மகளின் உடைமைகளைத் தந்தை சேட்டு மூட்டையாகக் கட்டினான். கடலில் இட்டால் வலையில் ஏறி மீண்டுவரும் என்றஞ்சி, இக்கடைக்கு அனுப்பிவிட்டான்.

இருதயராஜின் குரல் தாழ்ந்தது. “அது புஸ்தகமாம்மா? எழுத்தில்ல, படமில்ல. துணின்னு கூடையில போட்டுட்டேன். கிழிசலெல்லாம் லாரி ஷெட்டுக்குப் போயிடும்மா, கை தொடைக்க.”

நெடுஞ்சாலையோரத்து ஷெட்டில், அவள் தேடிவந்ததைச் சொன்னதும், லாரியின் அடியிலிருந்து மெக்கானிக் முருகையன் சிரித்தபடி எழுந்துவந்தான்.

“இன்னாமா இது பேஜாரு! கந்தத் துணிக்கா இம்மாந் தூரம் வந்துக்கினு?”

“எம் பொண்ணோட கைப்பா அது.”

அவன் சிரிப்பு நின்றது. எண்ணெய்த் தகரங்களுக்கிடையே துழாவி, கரிய துண்டு ஒன்றைக் கொணர்ந்தான்.

“மத்ததெல்லாம் எரிச்சாச்சும்மா. தெரியாம போச்சு. சோப்பு தர்றேன், கழுவிக்கினு போங்க.”

“வேணாம். நூலு விட்டுடும்.”

தையலின்மேல் விரலோட்டினாள். நீளத்தால் அறிந்தாள்: அது கடைசிக் கை. பாதி கிழிந்திருந்தது.

மாலையில் கரையில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த சேட்டின் முன் அமர்ந்தாள்.

“கண்ண மூடிக்கினு கைய நீட்டுய்யா.”

அதுநாள்வரை அப்புத்தகங்களை அவன் ஒருமுறையேனும் தொட்டதில்லை. அவள் கையில் வைத்த துண்டை மெல்லத் தடவி எண்ணினான்.

“மூணு விரலுதான் இருக்குது.”

“அவ்ளோதான் கெடச்சுது.”

அவன் உள்ளங்கை முழுதும் மசகு படிந்தது. கழுவுதற்குக் கடலை நோக்கி எழுந்து நடந்தான். அலை காலைத் தொட்டதும் நின்று, விரல்களை இறுக மூடிக்கொண்டான்.