ஆர்டித் ஏன் கீழே இறங்கவில்லை

1.

இந்தக் கதை எனக்கு ஒரு சோபா கடையில் கிடைத்தது. அமெரிக்காவில், கான்சாஸில் எங்கள் பக்கம் சோபாவையும் டிவியையும் ஒரே கடையில்தான் விற்பார்கள். கடைக்காரர் என்னை ஒரு சாய்வு சோபாவில் தள்ளி உட்கார வைத்துவிட்டு, "இதுல உட்கார்ந்தா எந்திரிக்கவே மனசு வராது. டிவில எச்.டி. வந்த வருஷம், சுழற்காத்து வருதுன்னு சங்கு ஊதியும் ஆர்டித் ஷ்ரைனர் எந்திரிக்கலையே, அது இதே மாதிரி சோபாதான்" என்றார். சோபாவை வாங்கவில்லை. கதையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

(ஆர்டித்துக்கு அப்புறம் என்ன ஆனது என்றும் அவர் சொன்னார். நான் சொல்லப் போவதில்லை. காரணம் இருக்கிறது, இப்போதே முறைக்காதீர்கள்.)

2.

முதல் வரிக்காக ஒரு வாரம் மல்லுக்கட்டினேன்.

"மே மாதத்து வானம் அன்று பச்சையாக..." வேண்டாம். வானத்தில் தொடங்கினால் கீழே இறங்கவே மாட்டேன்.

"தொழில்நுட்பம் மனிதனை..." சீ.

"டெல்மர் ஷ்ரைனர் வெறும் சுவரைத் தடவிக்காட்டிச் சம்பளம் வாங்கும் மனிதர்." இது இருக்கட்டும். ஆர்டித்தின் கணவர். எங்கள் உள்ளூர்ச் சேனலில் வானிலை சொல்பவர். அவருக்குப் பின்னால் இருப்பது பச்சைச் சுவர்தான். வரைபடம் நம் வீட்டு டிவியில் மட்டுமே தெரியும். பழைய வரைபடத்தில் எங்கள் மாவட்டம் ஒரு பிஸ்கட் அளவு. சுழற்காற்று வந்தால் அந்த பிஸ்கட் சிவப்பாகத் துடிக்கும். "உங்க மாவட்டம்தான், கீழ போங்க" என்பார் டெல்மர். ஆண்கள் வாசலில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு வானத்தை ஒரு முறை பார்ப்பார்கள். பார்க்காமல் இறங்கினால் இங்கே மரியாதை இல்லை. பிறகு காற்றுக்குத் தப்ப, குடும்பத்தோடு வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறைக்கு இறங்கி, அங்கே கிடக்கும் பழைய பெட்டி டிவியில் டெல்மரின் மங்கலான உருவத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

3.

அடுத்து வருவது கிப் ஹாலரன், சேனலின் மேலாளர். ஒரு வில்லன் தேவைப்பட்டதால் இவருக்கு முதலில் மீசை வைத்தேன். பேராசையும் வைத்தேன். இரண்டுமே ஒட்டவில்லை. புது எச்.டி. வரைபடம் முதல் தடவை திரையில் வந்தபோது இந்த மனிதர் கண் கலங்கிவிட்டாராம். அழுதவரை எப்படி வில்லனாக்குவது?

"டெல்மர், தெரு தெரியுதுய்யா! தானியக் கிடங்குக்கு நிழல்கூட விழுது!"

"என் மூக்கு மயிரும் தெரியுது."

"அதை வெட்டிக்கலாம். ஓரத்துல பாரு, எந்தத் தெருவுக்குக் காத்து எப்ப வரும்னு அதுவே ஓடுது."

"அவ்வளவு சொல்லணுமா, கிப்? வருதுன்னு சொன்னா பத்தாதா?"

"உனக்குப் பொறாமைய்யா. இனிமே ஜனங்க உன்னைப் பாக்க மாட்டாங்க, படத்தைத்தான் பாப்பாங்க."

மூன்று மாதம் விடாமல் விளம்பரம் ஓடியது. ஊரே பெரிய டிவி வாங்கியது. எல்லாம் மேலே, வரவேற்பறையில். அவ்வளவு நல்ல டிவியை யார் கொண்டுபோய் நிலவறையில், ஊறுகாய் பாட்டில்களுக்கு நடுவில் வைப்பார்கள்?

4.

மே மாதம். சங்கு ஊதியது. டெல்மர் சுவருக்கு முன்னால் நின்று சுழற்காற்றைக் காட்டினார். அழகென்றால் அப்படியொரு அழகு. ஊதாவும் சிவப்பும் சுருண்டு சுருண்டு, கோதுமை வயல்கள் மேல், பெயர் தெரிந்த தெருக்களை நோக்கி வந்தது. "கீழ போங்க, உடனே போங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போது அவர் காதில் செருகியிருந்த கருவியில் கிப்பின் குரல்: "டெல்மர், உன் வீட்டம்மா போன்ல. உன் டை கோணலா இருக்காம்."

டெல்மரின் கை தானாக டையை நேராக்கியது. அரை வாக்கியத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

(இந்த இடத்தை நான் கெடுத்துவிடக் கூடாது. அவசரப்படாமல் எழுதுகிறேன்.)

நிலவறை டிவியில் டை என்பது ஒரு கறை. அது கோணலா நேரா என்று கடவுளுக்கே தெரியாது. கோணல் தெரிகிறதென்றால் அவள் மேலே இருக்கிறாள்.

"ஆர்டித்!" என்றார் டெல்மர். ஒளிபரப்பில்தான், மாவட்டம் முழுக்கக் கேட்க. "நீ மேல உட்கார்ந்திருக்க."

கிப் ஒரு நொடி யோசித்தார். பிறகு தொலைபேசியை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"இப்ப என்ன அவசரம்?" என்றது ஆர்டித்தின் குரல். "நம்ம தெருவுக்கு வர இன்னும் நேரம் இருக்கு. ஓரத்துல நீதானே போட்டிருக்க. தட்டுல சூடா சில்லிக் கறிக்குழம்பு இருக்கு, தொட்டுக்க இனிப்புப் பட்டை ரோல் இருக்கு, சாப்பிட்டுட்டுப் போறேன்."

"அந்த நேரம் தப்பாகூட இருக்கலாம்டி!"

"தப்பா? தெருவுல நம்ம தபால் பெட்டிகூட சரியாத் தெரியுது, நேரம் மட்டும் தப்பா வருமா? நீ காட்டு, அது கிழக்கால திரும்புதான்னு மட்டும் பாத்துட்டு எந்திரிக்கறேன்."

"திரும்பலைன்னா?"

"அதைத்தான் பாக்கணும்கறேன்."

(ஆர்டித்தை "ஏங்க" என்று பேசவைத்துப் பார்த்தேன். டெல்மரே சிரித்துவிட்டார். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் அவரை நீ என்றுதான் கூப்பிடுவாள்.)

டெல்மருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு ஆர்டித் இல்லை. மாவட்டம் முழுக்க ஆர்டித்துகள், மடியில் தட்டோடு, அடுத்தவர் தெரு போவதைப் பார்த்துக்கொண்டு தங்கள் தெருவுக்காகக் காத்திருக்கிறார்கள். போங்க போங்க என்று கத்திக்கொண்டே, போக விடாத படத்தைக் காட்டுவதும் அவரேதான்.

"கிப், படத்தை நிறுத்து."

"என்னது?"

"படம் வேண்டாம். குரல் போதும்."

"பைத்தியமாய்யா உனக்கு? மூணு மாசமா நான் கத்தினது இந்த ஒரு நாளுக்குத்தான்!"

"அவ எந்திரிக்க மாட்டா, கிப். எனக்குத் தெரியும். இருபது வருஷமா எந்தப் படத்தையும் பாதியில விட்டு அவ எந்திரிச்சதில்லை."

கிப் திரையைப் பார்த்தார். தானியக் கிடங்கின் நிழல்மேல் ஊதா நிறம் ஏறிக்கொண்டிருந்தது. இவ்வளவு அழகாக இந்த ஊரை யாரும் காட்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அவரே அழுத்தினார். இதற்காகத்தான் மீசையை எடுத்தேன்.

மாவட்டம் முழுக்க டிவி கறுத்தது. கறுப்புக்குள்ளிருந்து டெல்மரின் குரல் மட்டும்: "இனிமே காட்ட மாட்டேன். மிச்சத்தைக் கீழ போய்க் கேளுங்க. ஆர்டித், தட்டை வச்சுட்டு எந்திரி. கெஞ்சறேன்."

5.

முடிவுகள் மூன்று கைவசம் உள்ளன.

ஒன்று: சுழற்காற்று கிழக்கே திரும்பி யாருமில்லாத வயலில் அடங்குகிறது. ஆர்டித், "நான்தான் சொன்னேனே" என்கிறாள். அப்புறம் அந்த ஊரில் ஒருத்தரும் டெல்மர் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

இரண்டு: வீடு போகிறது. சோபா பக்கத்து மாவட்டத்தில் கிடைக்கிறது. சோபாவில்... இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆர்டித்தை எனக்குப் பிடித்துவிட்டது.

மூன்று: கடைக்காரர் சொன்னது. நிஜம்.

மூன்றையும் நல்ல தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்.* ஆனால் இப்போது வரவேற்பறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஆர்டித் எழுந்திருக்கவில்லை. தட்டை மட்டும் கீழே வைத்திருக்கிறாள். கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். படம் மறுபடி வந்துவிடும், காற்று கிழக்கே திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைக்கிறாள். ஜன்னல் கண்ணாடி அதிர ஆரம்பித்துவிட்டது.

நீங்களும் அசையாமல்தான் இருக்கிறீர்கள். எப்படி முடியும் என்று பார்க்கத்தானே?

நான் இன்னும் ஒரு வரி காட்டினால் அவளும் இன்னும் ஒரு வரிக்கு உட்கார்ந்திருப்பாள். இத்தனை நேரம் அவளை அங்கே பிடித்து வைத்திருப்பது டெல்மர் இல்லை, நாம் இரண்டு பேரும்தான். அவள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போக வேண்டுமென்றால், நான் நிறுத்த வேண்டும், நீங்கள் கண்ணை எடுக்க வேண்டும்.

நான் நிறுத்திவிட்டேன்.

* கேட்காதீர்கள். எடுங்கள் கண்ணை.