டிபெண்டன்ட் மாப்பிள்ளை

குத்தாலத்தில் உரக்கடை வைத்திருக்கும் ஜெய்னுலாபுதீனின் ஒரே மகள் ஷிஃபாவுக்கு இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்த சேதி பரவிய கையோடு, மாயவரத்திலிருந்து கமருன்னிஸா தன் மகன் சலாஹுதீனுக்குப் பெண் கேட்டு வந்தாள். வரதட்சணை என்று ஒரு குண்டுமணித் தங்கம்கூட வேண்டாம், படித்த மருமகள் வருவதே பரக்கத், பெரிய பாக்கியம் என்றாள். ஜெய்னுலாபுதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஷிஃபாவுக்கு அந்தப் பெருந்தன்மை கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் சம்மதித்தாள். பையன் அதிர்ந்து பேசாதவன்.

நிச்சயமான பிறகுதான் அவன் பேச்சின் லட்சணம் தெரிந்தது. துபாய் வேலையை விட்டு வந்து வீட்டில் சும்மா இருந்தவன், தினமும் சாயங்காலம் போன் செய்வான். மாணவியின் கணவன் ‘டிபெண்டன்ட்’ விசாவில் கூடப் போய் என்னென்ன வேலை பார்க்கலாம், படிப்பு முடிந்த பின் எத்தனை வருஷம் தங்கலாம் எனக் குடியேற்றச் சட்டத்தை குர்ஆனின் யாசீன் அத்தியாயம் மாதிரி மனப்பாடமாக ஒப்பிப்பான். கடலோரத்தில் உப்பேறிய வயல்களில் நெல் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதைத்தான் அவள் படிக்கப் போகிறாள். அதை அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த மே மாதம் புது விதி வந்தது. ஜனவரியிலிருந்து சேரும் மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. ஆராய்ச்சிப் படிப்புக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. ஷிஃபாவுக்கு வகுப்பு தொடங்குவதே ஜனவரியில்தான். அன்று சாயங்காலம் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் கமருன்னிஸாதான் ஜெய்னுலாபுதீனைக் கூப்பிட்டாள்.

"பொம்பளப் புள்ள தனியா சீமைக்குப் போறதெல்லாம் எங்க குடும்பத்துல பழக்கமில்லைங்க."

நிச்சயம் முறிந்ததில் ஜெய்னுலாபுதீன் சில நாள் கடையையே திறக்கவில்லை. படிப்பை விட்டுவிட்டால் அவர்கள் மனசு மாறுவார்களோ என்றுகூடத் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஷிஃபா பெட்டி வாங்கக் கும்பகோணம் போனாள். ஜனவரியில் தனியாகவே விமானம் ஏறினாள்.

படிப்பு நன்றாக முடிந்தது. அங்கேயே உதவித்தொகையோடு முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஷிஃபா விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது, கமருன்னிஸா மகனையும் கூட்டிக்கொண்டு அல்வாப் பெட்டியோடு வாசலில் நின்றாள். அப்போது நேரம் சரியில்லை என்றாள். ஷிஃபாவைத் தன் பெண்ணாகவே நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். இப்போது ஆராய்ச்சிக்காரர்கள் கணவனைக் கூட்டிப் போகலாமாமே என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைத்தாள்.

ஷிஃபா சலாஹுதீனைப் பார்த்தாள். "நான் எதைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன்னு தெரியுமா?"

அவன் தாயைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"விசா ஆபீஸ் சென்னையில இருக்குங்க," என்றாள் ஷிஃபா. "இது வீடு."

ஜெய்னுலாபுதீன் அவர்களை டீ குடித்துவிட்டுக் கிளம்பச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அல்வாப் பெட்டியைத் தானே எடுத்துப்போய்க் காருக்குள் வைத்தார்.

அவள் திரும்பிப் போய்க் கொஞ்ச காலத்தில், சலாஹுதீனுக்கும் ஜெர்மனிக்குப் போகவிருக்கும் நாகூர் நர்ஸ் ஹாஃபிஸாவுக்கும் நிச்சயமாகிவிட்டது என்று அத்தா ஜெய்னுலாபுதீன் போனில் சொன்னார். அந்தப் பெண்ணின் நம்பரை விசாரித்து வாங்கித் தரும்படி ஷிஃபா கேட்டாள்.

ஹாஃபிஸாவைக் கூப்பிட்டு, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"என்கிட்டயும் விசா பத்தித்தான் அக்கா பேசுறாரு," என்றாள் ஹாஃபிஸா. பிறகு, "அவங்களத் திருப்பி அனுப்ப உங்க அத்தாவ எப்படி அக்கா சம்மதிக்க வெச்சீங்க?" என்று மெல்லக் கேட்டாள்.