கட்டம் போட்ட திரை

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் என் பலகை தொங்கியது: "தேவப்பிரியம். அங்க மர்த்தனம், தேகாப்பியாசம், மின்சார சிகிச்சை." மூன்றுக்கும் ஆள் நான் ஒருவன்தான். சண்டைக் காலத்தில் பஸ்ரா ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார நர்ஸம்மாவிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்ட தொழில். குணம் தருவது பயிற்சிதான். ஆனால் கையைத் தூக்கு, காலை நீட்டு என்றால் எவன் வருவான்? விரல் நுனியில் சுர்ரென்று இழுக்கும் பேட்டரிப் பெட்டிக்காக வருவார்கள். எண்ணெய் தேய்ப்பதற்காக உட்காருவார்கள். அசந்த நேரம் பார்த்துக் கையைத் தூக்க வைத்துவிடுவேன். ஊரில் எனக்குப் பெயர் 'டிரில் டாக்டரு'. காலையில் என் முதுகே பிடித்துக்கொள்ளும் என்பது ஊருக்குத் தெரியாது.

ஒருநாள் வண்ணாரப்பேட்டை கைலி வியாபாரி சௌக்கத் அலி பாய் வந்து, தொந்தியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"டாக்டரே, வூட்ல பதுருன்னிசாவுக்கு வலது கை மார்புக்கு மேல ஏறவே மாட்டேங்குது. பெருநா கழிச்சு எங்க அமீருக்கு நிக்காஹ். பொண்ணு கழுத்துல கருகமணியை மாமியார்தானே கட்டணும்? இவளால முடியலன்னா எங்க அக்கா கட்டிடும்."

"கட்டட்டுமே, பாய்."

"நீ எங்க அக்காவைப் பாத்ததில்ல. ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும். இவ இப்பவே அழுதுகினு கீறா. பொண்ணு வேற பனமரம். உக்காந்தாலும் இவ தோள் உசரம் வருது."

அந்தம்மாவை நான் தொடக் கூடாது, பார்க்கவும் கூடாது. ஆகவே பயிற்சியைப் பாய்க்குக் கற்றுக்கொடுத்து, வீட்டில் போய்ச் சொல்லித்தரச் சொன்னேன். மேதாவித்தனமான ஏற்பாடு. தினமும் வந்து கையைச் சுழற்றினார், குனிந்தார், நிமிர்ந்தார். சில வாரத்தில் பாயின் தொந்தி கரைந்தது. பள்ளிவாசல் படியைத் தாவி ஏறுகிறார் என்று சொன்னார்கள். அந்தம்மாவின் கை இருந்த இடத்திலேயே இருந்தது.

"நான் செஞ்சு காட்டினா, சிரிச்சிகினே படுத்துடுறா டாக்டரே" என்றார் பாய், பரிதாபமாக.

நானே போனேன். கூடத்தின் நடுவே கட்டம் போட்ட கைலித் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் பாயும் நானும். அந்தப் பக்கம் ஒரு குரல்.

"டிரில் அண்ணே, இவரு ஆடுறதைப் பாத்துப் பாத்து எனக்கு இப்ப வயிறும் சேந்து வலிக்குது."

"கை எந்த உசரத்துல வலிக்குது, அம்மா?"

"இதோ இங்க" என்று அவர் கையை நீட்டியபோது, திரையில் விரல் நுனி ஒரு குமிழாகத் துருத்தியது. அந்தக் குமிழைப் பார்த்ததும் என் மண்டையிலும் ஒன்று துருத்தியது.

"விரலை எடுக்காதீங்க. துணி மேல ரெண்டு விரலை எறும்பு மாதிரி மெல்ல மேல நடத்துங்க."

குமிழ் ஒரு கட்டம் ஏறியது. "ஐயோ! என் நாத்தனா வாயில மண்ணு விழ!" இன்னொரு கட்டம். "அவ கண்ணு அவிய!" அக்காவின் தம்பியான பாய் கூரையைப் பார்த்தார்.

அன்று முதல் அதுதான் வைத்தியம். முதலில் சுடுமணல் ஒத்தடம், பிறகு ஏற்றம். பெண்ணின் கழுத்து வரும் உயரத்தில், திரையில் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. அதைத் தொட வேண்டும். வலிக்கு ஒரு வசவு என்று குமிழ் மெல்ல ஏறிவந்தது. ஒருநாள் மட்டும் விறுவிறுவென்று சிவப்புக் கோட்டையே தாண்டிப் போனது. பாய் துள்ளினார். எனக்கு இடித்தது.

"அம்மா, நாத்தனாரை ஒரு வார்த்தை திட்டலியே. அது இடது கைதானே?"

குமிழ் சட்டென்று மறைந்தது. பிறகு, "இன்னா அண்ணே, துணிக்குள்ள பூந்து பாக்குறியா?"

நிக்காஹுக்கு முதல் நாள். வலது கை, கோட்டுக்கு ஒரு கட்டம் கீழே வந்து நின்றுவிட்டது. இந்த முறை வசவு வரவில்லை, விசும்பல் வந்தது.

"நாளைக்கு அவதான் கட்டப்போறா, அண்ணே."

"நீங்க மூச்சைப் புடிச்சுக்கிறீங்க, அம்மா. திட்டுறப்ப மூச்சு வெளிய போகுது, தோள் இளகுது. இப்ப திட்டுங்க."

"நாளைக்கு அவ பக்கத்துலயே நிப்பா. அத்தினி பேர் நடுவுல எப்படித் திட்டுறது?" கொஞ்சம் யோசித்தார். "சலவாத்து ஓதலாமா? நபி மேல ஓதுறது. நீட்டி ஓதலாம்."

"நீளமா, சத்தமா ஓதுங்க. மூச்சு முழுக்க வெளிய போகட்டும்."

மறுநாள் அதே கூடம், அதே திரை. பெண்கள் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நாலு பேர் கூடி உண்ணும் சகன் தட்டில் பாயோடு நானும் கை வைத்திருந்தேன். பாய் மாப்பிள்ளையின் தகப்பன் மாதிரியே இல்லை. பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர் மாதிரி இருந்தார்.

திரைக்குப் பின்னால் சலவாத்து எழுந்தது. நீண்டது. இன்னும் நீண்டது. ஒரு இடத்தில் நடுங்கியது. நான் என் தோளைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி ஏறியது. பிறகு பெண்கள் எல்லாரும் சேர்ந்து குலவை இட்டார்கள்.

"யாரு கட்டினது?" என்றார் பாய் என் காதில்.

அதற்குள் அந்தப் பக்கம் ஒரு முரட்டுக் குரல், பாயின் அக்காதான்: "கருகமணிதான் கட்டிட்டே இல்ல, இன்னாத்துக்குத் துணியைப் போட்டு நோண்டிகினு கீறே?"

திரையைப் பார்த்தேன். குமிழ் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றல்ல, இரண்டு. இடதும் வலதும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே கட்டத்தில், சிவப்புக் கோட்டுக்கு மேலே.

பாய் சோற்றுக் கையோடு எழுந்தார். பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் அப்படியே மேலே தூக்கிவிட்டார். அவர் ஆண்டவனிடம் துஆ கேட்கிறார் என்று எண்ணிப் பந்தி முழுக்கக் கை ஏந்தியது.

நானும் ஏந்தினேன். முதுகு பிடித்துக்கொண்டது. ஆனாலும் எல்லாரோடும் சேர்ந்து ஆமீன் சொன்னேன்.