அத்தானின் வயர்க் கணக்கு

அத்தான் கணக்கு வாத்தியார். புது வீட்டில் மீட்டரிலிருந்து மெயின் போர்டுக்கு எவ்வளவு பருமனான வயர் இழுப்பது என்பதை அவரே முடிவு செய்து வைத்திருந்தார். மச்சினன் நான் ஒருவன் எலெக்ட்ரீஷியனாக இருப்பதைப் பெருந்தன்மையோடு மறந்துவிட்டார். விளக்கு, விசிறி, ஏசி இரண்டு, ஹீட்டர், ஃபிரிட்ஜ் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி, எதிரே வாட்டு போட்டு, அடியில் இரட்டைக் கோடும் இழுத்திருந்தார்.

"ஒம்பதாயிரத்து இருநூறு வாட்டு. இருநூத்து முப்பதால வகுத்தா நாப்பது ஆம்ப். பத்து எம்.எம். வயர் தாராளம். சரியா, மச்சான்?"

தப்புக் கண்டுபிடிக்க எனக்குக் கொள்ளை ஆசை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தப்பே இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"தம்பி, பின்னால பெருசா ஏதாவது வாங்கினா இந்த வயர் தாங்குமா?" என்றாள் அக்கா. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

"என்னத்த வாங்கப் போற?" என்றேன்.

"சும்மா கேட்டேன்."

அக்கா எதையும் சும்மா கேட்கிறவள் இல்லை. என் சட்டையைக்கூடச் சும்மா தொட மாட்டாள், அழுக்கா என்று பார்க்கத்தான் தொடுவாள்.

"இப்பவே சொல்லிடு. நாளைக்குக் கொத்தனார் பூசிட்டா அவ்வளவுதான். சுவத்துக்குள்ள போற இந்தச் சின்ன பைப்புல தடிச்ச வயர் நுழையாது. சுவத்தைத்தான் உடைக்கணும்."

"எதுக்கு உடைக்கணும்? பெரிய பிரேக்கராப் போட்டாப் போச்சு," என்றார் அத்தான்.

கிடைத்தது! ஆசை தீரச் சிரித்தேன். "வயர் சூடேறி உருகுறதுக்கு முன்னாடி கரண்டை நிறுத்தத்தான் பிரேக்கர், அத்தான். வயரை மெலிசா விட்டுட்டு அதை மட்டும் பெருசாக்கினா, காவல்காரனுக்குத் தூக்க மாத்திரை குடுத்த மாதிரி. இதுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

அத்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த இடைவெளியில் அக்கா சொல்லிவிட்டாள்.

"மாடி ரூம்ல ரொட்டி அடுப்பு வைக்கணும். கரண்ட் அடுப்பு, ஆறாயிரம் வாட்டு. ரொட்டி போட்டு விக்கப் போறேன்."

சொன்னவள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. பைப்புக்காகச் சுவரில் வெட்டியிருந்த காடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தான் வேண்டாம் என்றால் அக்கா சண்டை போட மாட்டாள், சரி என்று உள்ளே போய்விடுவாள். நாளைக்குச் சுவரைப் பூசிவிடுவார்கள்.

அத்தான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கில் இறங்கினார். அது அதைவிட மோசம்.

"எல்லாம் ஒரே நேரத்துல ஓடாது. இதுவும் எப்பவாவது ஓடுறதுதானே? பாதியா எழுதிக்கலாம்." மூவாயிரம் என்று எழுதினார். வீட்டுச் சமையல் அடுப்பை அப்படிக் குறைத்து எழுதுவது எங்கள் தொழிலிலும் உண்டு.

"பாதியா எழுதாதீங்க," என்றாள் அக்கா. "விடிகாலை நாலு மணிக்குப் போட்டா மத்தியானம் வரைக்கும் அணைக்க மாட்டேன். இது பொழுதுபோக்கு இல்ல. முழுசா எழுதுங்க."

இந்த அக்காவை நான் பார்த்ததே இல்லை. அத்தானும் பார்த்ததில்லை போலிருக்கிறது. மூவாயிரத்தை அடித்துவிட்டு ஆறாயிரம் என்று எழுதினார்.

"அறுபத்தாறு ஆம்ப் வருது. இருபத்தஞ்சு எம்.எம்.மா, மச்சான்?"

"ஆமா அத்தான். பைப்பையும் பெருசா மாத்தணும்."

"மாத்து." பேனாவை மூடப் போனவர் மூடவில்லை. அக்காவைப் பார்த்தார். "அவ்வளவு மாவையும் கையாலயா பிசைவ? அதுக்கு மிஷின் உண்டில்ல? அது எத்தனை வாட்டு? அதையும் முழுசாவே எழுதிடறேன்."

"ஆயிரத்து நூறு," என்றாள் அக்கா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.