இருபத்திரண்டாவது பெயர்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. கொலோனிலிருந்து கெல்சென்கிர்ச்சன் வருகிற ரயில், டூயிஸ்பேர்க்குக்கு வெளியே ஒன்றரை மணித்தியாலம் அசையாமல் நின்றபோது, எதிர் இருக்கையில் இருந்த பிரபாலினி சொன்னது. "எழுதிறதெண்டால் பேரை மாத்தி எழுதுங்கோ அண்ணை" என்றாள். ஓம் என்றேன். எல்லாப் பெயரையும் மாற்றிவிட்டுப் பாதி எழுதிய பிறகுதான் உறைத்தது, இது முழுக்க முழுக்கப் பெயர் மாறியதால் வந்த வினை என்று. இனி என்ன செய்ய, மாற்றியது மாற்றியதுதான்.

மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன். முதலாவது: மழை பெய்த மைதானத்தின் நடுவே... (பொய். அன்று நல்ல வெயில்.) இரண்டாவது: அவர் வந்தார். அதை எழுதியதும் எழுந்துபோய் வாசலைப் பார்த்தேன், வந்து உடனே அழித்துவிட்டேன். மூன்றாவது கீழே இருக்கிறது. அழகில்லை, ஆனால் ஆபத்தும் இல்லை.

2

பிரபாலினிக்கு முப்பத்தொரு வயது. கொலோனில் ஐரிஷ்காரர்கள் தொடங்கிய விளையாட்டுக் கழகமொன்றின் செயலாளர். கழகத்தில் இரண்டு ஆட்டம். ஒன்று ஹேர்லிங்: வளைந்த மர மட்டையால் சின்னப் பந்தை ஆகாயத்தில் வைத்து அடிப்பது. மற்றது கேலிக் உதைபந்து: பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். செவ்வாய் மட்டை, வியாழன் பந்து. ஒரே ஆட்கள்தான் இரண்டுக்கும் வருவார்கள், ஆனாலும் அவரவருக்கு ஒரு பக்கம் சாய்வு உண்டு.

(வாசகரே, இந்த ஆட்டங்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் வெட்கப்பட வேண்டாம். நான் கிரிக்கெட்டையே ஒழுங்காக ஆடாதவன்.)

வைகாசியில் ஒரு போட்டி வந்தது. இரண்டு ஆட்டமும் ஒரே நாள், ஒரே நேரம், பக்கத்துப் பக்கத்து மைதானங்களில். ஆணும் பெண்ணும் கலந்து அணிக்குப் பதினொரு பேர். எந்த ஆட்டத்துக்கு அணி சேரவில்லையோ அதை இந்த வருடத்தோடு நிறுத்திவிடுவது என்று கழகக் கூட்டத்தில் முடிவாயிற்று. பிரபாலினிக்கு மட்டைதான் உயிர். கிழமை முழுக்க அலுவலகத்தில் மற்றவர்களின் விண்ணப்பங்களைத் திருத்துகிறவள் அவள்; செவ்வாய்க்கிழமை மட்டும்தான் எதையாவது ஓங்கி அடிக்கலாம்.

ஆட்களை எண்ணினாள். இருபத்தொன்று. பட்டியலை எண்ணினாள். இருபத்திரண்டு.

3

பிழை அவளுடையதுதான். கழகத்தில் கஜரூபன் என்றொருவன் இருந்தான். ரயில் பெட்டி திருத்துகிற வேலை. தகப்பன் பெயர் நித்தியானந்தன். நம் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னுக்கு, பிள்ளையின் பெயர் பின்னுக்கு. ஜெர்மன்காரருக்கு அது தலைகீழ். பந்துப் பட்டியலை அடையாள அட்டையைப் பார்த்து எழுதினாள்: முதற்பெயர் கஜரூபன், குடும்பப் பெயர் நித்தியானந்தன். மட்டைப் பட்டியலுக்கு அவனுடைய கையெழுத்தைப் பார்த்தாள். கை போன போக்கில், முன்னுக்கு நின்ற பெயரை முதற்பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டாள்: முதற்பெயர் நித்தியானந்தன், குடும்பப் பெயர் கஜரூபன். ஒரு ஆள் இரண்டு ஆளானான். இந்த நாட்டில் நம்மில் அரைவாசிப் பேருக்கு இது நடந்திருக்கிறது. என் மகளின் பள்ளிக்கூடக் கடிதங்கள் இன்றைக்கும் என் தகப்பனார் பெயருக்குத்தான் வருகின்றன.

கண்டுபிடித்தவள் வாயைத் திறக்கவில்லை. கஜரூபனிடம் மட்டும் சொன்னாள்.

"நான் உதைபந்துக்கு நிக்கப்போறன் அக்கா. அப்ப மட்டைக்குப் பத்துப் பேர்தானே வருவினம்?"

"ஒராளுக்குக் காயம் எண்டு சொல்லுவம். பட்டியலிலை பதினொண்டு இருந்தால் காணும்."

அவன் குனிந்து சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினான். "அது அப்பான்ர பேர்."

"தெரியும். பிறகு எடுத்துவிடுறன்."

தொண்ணூற்றொன்பதில், போருக்குத் தப்பி, ஐந்து வயதுக் கஜரூபனும் தாய் புஸ்பவதியும் இங்கே வந்து சேர்ந்தார்கள். பின்னால் வருகிறேன் என்ற நித்தியானந்தன் வரவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் போர் முடிந்த பிறகு தொலைபேசியும் இல்லை, தகவலும் இல்லை. இறந்துவிட்டார் என்று ஒருவரும் சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் ஒருவரும் சொல்லவில்லை.

4

பத்துப் பேர் இறங்கினார்கள். நடுவர் பட்டியலைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், விரல் நீட்டி எண்ணினார். "பதினொன்று. சரி" என்றார். காயக் கதையை நாக்கு நுனியில் வைத்திருந்த பிரபாலினி அதை அப்படியே விழுங்கினாள்.

இடது பக்க ஓரம் வெறுமையாக இருந்தது. அங்கே போகிற பந்து கோட்டுக்கு வெளியே போகவேண்டும். போகவில்லை, திரும்பி வந்தது. முதல் தடவை காற்று என்று நினைத்தாள். மூன்றாம் தடவை பந்து நேரே அவள் கைக்குள் வந்து விழுந்தது. யாரென்று பார்க்காமலே நன்றி சொல்லத் திரும்பினாள். ஒருவரும் இல்லை. புல் மட்டும், யாரோ இப்போதுதான் காலை எடுத்ததுபோல, மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. அவள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே அடித்தாள்.

ஒரு புள்ளியால் வென்றார்கள். கைகொடுக்க வந்த எதிரணித் தலைவர், "இடது பக்கம் நின்றவருக்கு வயதாகிவிட்டது, ஆனால் என்ன கை அது" என்றார்.

[குறிப்பு: இந்தப் பகுதியை நண்பர் சிவகுருநாதனுக்கு வாசிக்கக் கொடுத்தேன். "வெறுங்காலோடை ஓடுறாரே ஒருத்தர், அவர் நல்லா வந்திருக்கிறார்" என்றார். நான் அப்படி ஒருவரை எழுதவில்லை. பிரதியை வாங்கி வரிவரியாகப் பார்த்தேன். இல்லை. உங்களுக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம்.]

5

முடிவுகள் இணையத்தில் ஏறின. நித்தியானந்தன் என்ற பெயருக்கு நேரே மூன்று புள்ளி. இரண்டு நாளில் போட்டிச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: இரண்டு பதிவுக்கு ஒரே பிறந்த திகதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் ஒன்றை நீக்கவும். அல்லது இருவரும் வேறு வேறு ஆட்கள் எனக் கையெழுத்திட்டு உறுதிப்படுத்தவும். நீக்கினால் அணியில் பத்துப் பேர்தான். வெற்றியும் போய்விடும், மட்டையும் போய்விடும். கையெழுத்திட்டால்...

வியாழன் பின்னேரம் புஸ்பவதி மைதானத்துக்கு வந்தார், கையில் தொலைபேசியோடு.

"பிள்ளை, உதிலை நித்தியானந்தன் எண்டு கிடக்கே."

"அது என்ர பிழை அன்ரி. பேர் முன்னுக்குப் பின்னாப் போச்சு."

"ஓம், மகனும் சொன்னவன்." அவர் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "ஊரிலையும் கேட்டவை, குடும்ப அட்டையிலை பேரை வெட்டட்டோ எண்டு. செத்ததெண்டு பத்திரம் தாறம் எண்டவை. நான் ஓம் எண்டு சொல்லேல்லை. இவ்வளவு காலத்திலை ஒருத்தரையும் வெட்ட விடேல்லை. நீர் வெட்டப்போறீரோ?"

பிரபாலினிக்கு, ஒரு மட்டைக்காக இந்தப் பெயரைத் தொட்டுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

"செவ்வாய்க்கிழமை எத்தினை மணிக்கு விளையாட்டு?"

"ஆறரைக்கு அன்ரி" என்று சொல்லிவிட்டுத்தான், நித்தியானந்தன் அங்கே வருவார் என்று தான் சொல்லிவிட்டது அவளுக்கு விளங்கியது.

6

இந்த இடத்தில் ரயில் வெளிக்கிட்டது. அடுத்த நிறுத்தத்தில் அவள் இறங்கிப் போய்விட்டாள். என்ன செய்தாள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகவே முடிவுகள் என்னுடையவை.

அவள் நீக்குகிறாள். நீக்கல் படிவத்தில் கேட்டிருக்கிற காரணங்கள் மூன்று: இடம் மாறினார், இறந்தார், தவறாகப் பதியப்பட்டார். மூன்றாவதை அழுத்துகிறாள். நேர்மையான முடிவு. ஆனால் அந்த மனிதர் இருந்ததே ஒரு எழுத்துப்பிழை என்று ஆகிவிடுகிறது. இதை எழுதி, கிழித்தேன்.

அவள் கையெழுத்திடுகிறாள். செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு, கோட்டுக்கு வெளியே, புஸ்பவதி இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு... இதை முடிக்க எனக்குத் துணிவில்லை. ஒரு கோப்பை ஆறிப்போனாலும் தாங்காது. வெறுமையானாலும் தாங்காது.

நான்கு மாதமாக என் மேசையில் ஒரே வாக்கியம் கிடக்கிறது: பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, பிரபாலினி அந்தப் பெயரை

அதை உங்களிடம் தருகிறேன். விருப்பப்படி முடியுங்கள். ஒன்று மட்டும்: முடிக்கிறவர்தான் புஸ்பவதிக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லவேண்டும். அவர் முதல் மணியிலேயே எடுப்பார்.